கம்பியில் உட்கார்ந்திருப்பது எந்தக் குருவி? தகைவிலானை அடையாளம் காண்போம்



முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், படிவம் நான்கு மாணவர்களுக்கு 'எங்கள் ஊரின் மாலைப் பொழுது' என்று ஒரு வருணனைக் கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு மாணவன், 'கடைவீடுகளுக்கு மேலே தகைவிலான் குருவிகள் கூட்டமாக வந்து கம்பிகளில் அமர்ந்தன' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'சிட்டுக்குருவி' என்று திருத்தம் எழுதினேன். கேள்விப்படாத சொல், அச்சுப்பிழை மாதிரி ஏதோ கைப்பிழை என்று நினைத்துவிட்டேன். மறுநாள் அவன் வந்து, "சார், தகைவிலான்னு ஒரு குருவி இருக்கு சார். எங்க பாட்டி பைபிள்ல காட்டுனாங்க" என்றான். போய்ப் பார்த்தேன். இருக்கிறது. தமிழ் விவிலியத்தின் சங்கீதம் 84-இல் அடைக்கலான் குருவி, தகைவிலான் குருவி என்று இரண்டு பறவைகள் அடுத்தடுத்து வருகின்றன. அடைக்கலான் என்பது நம் சிட்டுக்குருவி. தகைவிலான் வேறு பறவை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பறவையைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, நான் மட்டும் அல்ல, நம்மில் பலரும் இதில் தடுமாறுகிறோம் என்று தெரிந்தது. கருத்துணர்தல் பகுதிகளிலும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளிலும் இந்தப் பறவை வரும் இடமெல்லாம் 'சிட்டுக்குருவி' என்றோ 'தூக்கணாங்குருவி' என்றோ மாறிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் சிட்டுக்குருவி 'ஸ்பேரோ', தகைவிலான் 'ஸ்வாலோ'. ஒலி கொஞ்சம் நெருங்கி இருப்பதால் வரும் குழப்பம். சில பயிற்சிகளில் 'ஸ்வாலோ' என்றதும் 'விழுங்கு' என்று எழுதிவிட்ட பிள்ளைகளும் உண்டு. அது பிள்ளைகளின் தவறு இல்லை. நாம் சொல்லைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

தகைவிலான் என்பது தகைவு + இலான். தகைதல் என்றால் தடுத்தல், நிறுத்துதல். இலான் என்றால் இல்லாதவன். திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே 'இலான்' என்ற இந்த வடிவம் வருவது உங்களுக்கு நினைவிருக்கும். ஆக, தடையில்லாமல், நிற்காமல் திரிபவன் என்று பொருள் கொள்ளலாம். இந்தப் பறவை பறப்பதைப் பத்து நிமிடம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் பொருந்துகிறது என்று விளக்கவே வேண்டாம்.

இலக்கணம் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 'தகைவு' என்பதன் இறுதியில் இருக்கும் 'வு' குற்றியலுகரம் அல்ல. வல்லின மெய்மேல் ஏறிய உகரம்தானே குற்றியலுகரமாகும்? இது முற்றியலுகரம். ஆனாலும் உயிர் வரும்போது உகரம் கெட்டு, மெய்யின்மேல் உயிர் ஏறிவிடுகிறது. கதவு + அழகு = கதவழகு என்று நாம் காட்டும் எடுத்துக்காட்டும் இதே வகைதான். நன்னூல், குற்றியலுகரத்துக்குச் சொன்ன விதி சில இடங்களில் முற்றியலுகரத்துக்கும் பொருந்தும் என்கிறது. எப்போதும் கதவழகு மட்டுமே சொல்லி அலுத்துப்போன ஆசிரியர்களுக்கு, தகைவிலான் ஒரு புது எடுத்துக்காட்டு.

மலாய் மொழியில் இப்பறவையை லாயாங்-லாயாங் என்பார்கள். நூல் கட்டி விடும் பட்டத்துக்கும் அதே பெயர்தான். ஜொகூரில் குளுவாங் வட்டாரத்தில் லாயாங்-லாயாங் என்று ஒரு சிற்றூரே இருக்கிறது. இரயிலில் தெற்கே போனவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீங்க.

எப்படி இருக்கும்?

உலகில் தகைவிலான் இனங்கள் பல. நாம் இங்கே பேசுவது வலசை வரும் தகைவிலானைப் பற்றி. அறிவியல் பெயர் ஹிருண்டோ ருஸ்திகா. லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். மிகச் சிறிய பறவை. எடை ஏறத்தாழ 16 முதல் 22 கிராம். ஆசிரியர் அறையில் இருக்கும் 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். நான்கு தாளை எடுத்து மாணவன் கையில் கொடுங்கள். "இவ்வளவுதான் அந்தப் பறவை. இதைச் சுமந்துகொண்டு ஜப்பானிலிருந்து பறந்து வருது" என்று சொல்லுங்கள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

முதுகும் தலையும் சிறகும் கருநீலம். வெயில் படும்போது பளபளப்பு தெரியும். மேகமூட்டத்தில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் 'நீலமா இல்லையே' என்று குழம்ப வேண்டாம். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். தொண்டைக்குக் கீழே, மார்பில் குறுக்காக ஒரு கருநிறப் பட்டை. அதற்குக் கீழே வயிறு வெண்மை. சிறகு நீளமாகவும் கூராகவும் இருக்கும். அலகு மிகச் சிறியது, ஆனால் வாய் அகலமாகத் திறக்கும். பறக்கும் பூச்சியைப் பறந்தபடியே பிடிக்க அது வேண்டும்.

வாலைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தகங்களிலும் இணையப் படங்களிலும் தகைவிலான் என்றாலே கத்தரிக்கோல் மாதிரி ஆழமாகப் பிளந்த வால், இரு ஓரத்திலும் கம்பி போல நீண்ட இறகு. மாணவர்களும் அதையே மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வால் நம்பத்தகாத அடையாளம். ஏன் தெரியுமா? இந்தப் பறவை தன் சிறகு இறகுகளையும் வால் இறகுகளையும் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வது இங்கே தங்கியிருக்கும் மாதங்களில்தான். பழைய நீள இறகு விழுந்திருக்கும், புதியது பாதி வளர்ந்திருக்கும். போதாததற்கு, அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளுக்கு நீள வால் இறகே இருக்காது. தொண்டையும் வெளிறியிருக்கும், மார்புப் பட்டை பழுப்பாகத் தெரியும். ஆகவே அக்டோபரிலோ நவம்பரிலோ கம்பியைப் பார்த்துவிட்டு, "நீள வாலைக் காணோமே, இது வேற பறவை" என்று முடிவு கட்டாதீர்கள். நீள வாலை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்சில், ஊருக்குத் திரும்பும் முன் பாருங்கள். ஆணுக்குப் பெண்ணைவிட வால் நீளம். ஆண்டர்ஸ் முல்லர் என்ற ஆய்வாளர் டென்மார்க்கில் சில ஆண் பறவைகளின் வாலைச் செயற்கையாக நீட்டி வைத்துப் பார்த்து, அவற்றுக்கு விரைவாகத் துணை கிடைத்தது என்று 1988-இல் எழுதினார். வால் வெறும் அழகுக்கு இல்லை போலும்.

அப்படியானால் எதை நம்புவது? மார்பையும் வயிற்றையும். பறவை கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, நாம் கீழே நிற்கிறோம். நமக்குத் தெரிவது அதன் அடிப்பக்கம்தான். நல்ல வேளையாக, அடையாளம் எல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. தொலைநோக்கி இல்லாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், போதும்.

இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் உறவுக்காரன்

இன்னொரு தகைவிலான் நம்மோடு ஆண்டு முழுதும் இருக்கிறது. பசிபிக் தகைவிலான் என்று பெயர். வகுப்பில் நான் 'உள்ளூர்த் தகைவிலான்' என்று சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகளுக்கு அதுதான் சட்டென்று பிடிபடுகிறது. தேர்வில் குழப்பம் வருவதும், கம்பியில் குழப்பம் வருவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

உள்ளூர்க்காரன் கொஞ்சம் குட்டை, ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். வாலில் பிளவு உண்டு, நீள இறகு என்றைக்கும் கிடையாது. செங்கல் நிறம் முகத்திலிருந்து தொண்டை வழியாக மேல்மார்பு வரை பரவியிருக்கும். ஆனால் அதற்குக் கீழே கறுப்புப் பட்டை இல்லை. வயிறு வெள்ளையாக இருக்காது, அழுக்குச் சாம்பல் நிறம். வாலின் அடியில் கருநிறச் செதில் போன்ற கோலம் தெரியும். வலசை வருபவனுக்கு அந்த இடம் வெள்ளை.

நம் பகுதிக்கு வலசை வரும் கிழக்காசியத் துணையினத்தில் மார்புப் பட்டை சில வேளை மெல்லியதாக இருக்கும், நடுவில் தொண்டையின் செந்நிறம் இறங்கி அதை வெட்டுவதும் உண்டு. பட்டை சரியாகத் தெரியவில்லை என்றால் வயிற்றின் வெண்மையைப் பாருங்கள். அது ஏமாற்றாது.

இன்னொரு எளிய வழி கூடு. பள்ளி நடைபாதைக் கூரையடியிலோ, பாலத்துக்கு அடியிலோ, கடைவீட்டு அஞ்சடியிலோ சேற்று உருண்டைகளை ஒட்டவைத்துக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டியிருந்தால் அது உள்ளூர்த் தகைவிலான்தான். வலசை வருவது இந்நாட்டில் கூடு கட்டுவதில்லை. மண்கூடு சுரைக்குடுவை போல வயிறு பெருத்து, நுழைவதற்குக் குழாய் வைத்துக் கட்டியிருந்தால் அது இன்னொரு வகை, அடிப்பகுதி முழுவதும் செந்நிறமான பெரிய தகைவிலான். சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள ஈப்போ பக்கத்து ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டோடு ஓர் உண்மையான தொடர்பும் இதில் உண்டு. நீலகிரி முதலிய தென்னிந்திய மலைகளிலும் இலங்கை மலைநாட்டிலும் வாழும் மலைத் தகைவிலான், நம் பசிபிக் தகைவிலானுக்கு மிக நெருங்கிய உறவு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். வலசை வரும் தகைவிலானோ தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் குளிர்காலத்தில் வருகிறது.

தகைவிலான் இல்லாதவை

உழவாரன் என்று ஒரு பறவைக் குடும்பம் இருக்கிறது. பறக்கும் விதம் தகைவிலானைப் போலவே இருக்கும், சிறகு அரிவாள் போல வளைந்திருக்கும். ஆனால் குடும்பமே வேறு. எளிய சோதனை: கம்பியில் உட்காருகிறதா? உட்கார்ந்தால் உழவாரன் இல்லை. அதன் கால்கள் மிகச் சிறியவை, சுவரைப் பற்றித் தொங்கத்தான் முடியும், கிளையிலோ கம்பியிலோ அமர முடியாது. அதன் அறிவியல் பெயரான 'ஏப்பஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் காலில்லாதது என்று பொருள். கடைவீட்டு மாடிக் கூரையடியில் கூட்டமாகக் கீச்சிட்டுச் சுற்றும், இடுப்பில் வெள்ளைத் திட்டு உள்ள கறுப்புப் பறவை இந்த வகை.

நாம் விலை கொடுத்து வாங்கும் 'பறவைக்கூடு' பானம் இருக்கிறதே, அதுவும் உழவாரன் குடும்பத்துச் சிறு பறவையின் கூடுதான். மலாயில் வாலிட். உமிழ்நீரால் கூடு கட்டும். சரவாக்கின் நியா குகையிலும் சபாவின் கோமந்தோங் குகையிலும் காலங்காலமாக எடுக்கிறார்கள். இப்போது பட்டணங்களில் சன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள் கட்டி, ஒலிபெருக்கியில் பறவைக் குரல் போட்டு வரவழைக்கிறார்கள். சீன மொழியில் அந்தக் கூட்டுக்குத் தகைவிலானின் பெயரையே சேர்த்துச் சொல்வதால், தகைவிலான் கூட்டைத்தான் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் பரவிவிட்டது. தகைவிலான் கூடு வெறும் சேறு. அதைச் சூப் வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் மாணவர்களே சொல்வார்கள்.

சிட்டுக்குருவி பழுப்பு நிறம், தடித்த அலகு, தானியம் தின்னும், சாப்பாட்டுக் கடை மேசைக்கடியில் தத்தித் தத்தி வரும். தகைவிலான் தரையில் தத்திப் பருக்கை பொறுக்குவதை நீங்கள் பார்க்கவே முடியாது. தூக்கணாங்குருவி புல்லால் தொங்கும் கூடு பின்னுவது. அது பயணம் போவதில்லை. மாலையில் மரத்தில் பெரும் இரைச்சலோடு அடையும், கண் சிவந்த பளபளப்புக் கறுப்புப் பறவை மைனாவின் உறவு. தகைவிலானைவிடப் பெரியது.

எங்கே வாழ்கிறது என்று கேட்டால்?

கருத்துணர்தலில் கேட்கப்படும் கேள்வி இது. 'இப்பறவையின் வாழிடம் யாது?' என்று கேட்டால் ஒரு வரியில் பதில் எழுத முடியாது. பகுதியில் என்ன கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதற்கு இரண்டு வீடு.

ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா என வடபாதியெங்கும் தகைவிலான் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா வரை பரவுகிறது. தகைவிலான் இனங்களிலேயே உலகில் மிக அகலமாகப் பரவியது இதுதான். எஸ்தோனியாவும் ஆஸ்திரியாவும் இதைத் தேசியப் பறவையாக வைத்திருக்கின்றன. நம்மிடம் வருபவை ஜப்பான், கொரியா, கிழக்குச் சீனம் முதலிய கிழக்காசிய நாடுகளில் பிறந்தவை. அங்கே வீட்டு இறவாரத்திலும் கடை முகப்பிலும் கூடு கட்டும். ஜப்பானில் தகைவிலான் கூடு கட்டிய வீட்டுக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை உண்டு. எச்சம் விழாமல் கூட்டுக்குக் கீழே பலகை கட்டிவைக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

தோக்கியோவிலிருந்து கோலாலம்பூர் 5,000 கிலோமீட்டருக்கும் மேல். நம் நாட்டுக்கு ஜூலை இறுதியிலேயே ஒன்றிரண்டு வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் சேரும். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பிவிடும், மே மாதத்திலும் சில தங்கியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டின் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் நாம் 'விருந்தாளி' என்கிறோம். பிறந்த இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்பதால். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. 'குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை' என்று எழுதினாலும் சிக்கல், நமக்குத்தான் குளிர்காலமே கிடையாதே. 'வலசைப் பறவை' என்பதே பொருத்தமான, சுருக்கமான சொல். வலசை போதல், வலசை வருதல் என்று வினையாகவும் எழுதலாம்.

இது ஏன் வருகிறது? பத்தில் எட்டு மாணவர்கள் 'குளிர் தாங்க முடியாமல்' என்று எழுதுவார்கள். பாதி சரி. முக்கியக் காரணம் உணவு. தகைவிலான் தின்பது பறக்கும் பூச்சிகள் மட்டுமே. வடக்கே குளிர் வந்ததும் அவை மறைந்துவிடும். உணவு இல்லாத இடத்தில் எப்படி இருப்பது? சரி, இங்கே ஆண்டு முழுதும் பூச்சி இருக்கிறதே, பிறகு ஏன் திரும்பிப் போகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வடக்கே கோடையில் பூச்சிகள் பெருகும், அதோடு பகல் மிக நீளம். குஞ்சுகளுக்கு இரை தேட அதிக நேரம் கிடைக்கும். ஒரு கூட்டில் நான்கைந்து முட்டை, குஞ்சு கூட்டில் இருக்கும் மூன்று வாரமும் பெற்றோர் ஓயாமல் இரை கொண்டுவர வேண்டும். நம் ஊரில் பகல் எப்போதும் பன்னிரண்டு மணி நேரம்தான்.

வலசை என்பது நமக்கு இன்று சாதாரணச் செய்தி. ஐரோப்பாவில் வெகுகாலம் வரை, குளிர்காலத்தில் தகைவிலான் குளத்துச் சேற்றுக்குள் புதைந்து தூங்குகிறது என்றே பலர் நம்பினார்கள். 1911-இல் இங்கிலாந்தில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டினார்கள். 1912 டிசம்பரில் அது தென் ஆப்பிரிக்காவின் நாட்டாலில் கிடைத்தது. அதன்பின் மறுக்க வழியில்லை. தமிழில் பறவைப் பயணத்தைப் பேசும் பழைய பாடல் வேண்டுமானால், சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாடலை இந்தப் பாடத்தோடு சேர்த்து நடத்தலாம். தென்கோடிக் குமரிக்குப் போய்விட்டு வடக்கே திரும்பும் நாரையை அவர் அழைக்கிறார். பறவை வடக்கும் தெற்குமாகப் போய்வரும் என்ற கவனிப்பு அதில் இருக்கிறது.

மலேசியாவில் எங்கே பார்ப்பது?

பகலில் நெல்வயல், பள்ளித் திடல், குளம், புதிதாக மரம் வெட்டிய செம்பனைத் தோட்டம் என்று திறந்தவெளியில் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். திடலில் புல்வெட்டும் இயந்திரம் ஓடும்போது பின்னாலேயே வரும், புல்லிலிருந்து பூச்சி கிளம்புமே, அதற்காக. சிங்கப்பூரில் இருப்பவர்கள் நீர்த்தேக்கக் கரைகளையும் கிராஞ்சி போன்ற புல்வெளிப் பகுதிகளையும் பார்க்கலாம்.

மாலைக் காட்சிதான் மறக்க முடியாதது. பகல் முழுதும் எங்கெங்கோ சிதறியிருந்தவை பொழுது சாயும்போது பட்டணத்தின் நடுவுக்கு வரும். காட்டுக்குப் போகாமல் பேருந்து நிலையமும் விளக்கு வெளிச்சமும் இரைச்சலும் உள்ள இடத்துக்கே வரும். பகாங் மாநிலத்தின் பெந்தோங் பட்டணம் இதற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. வானத்தில் புகை மாதிரி சுழன்று சுழன்று, இருட்டும் நேரத்தில் கம்பிகளில் இறங்கும். ஒன்றோடு ஒன்று இடிக்காமல், அளந்து வைத்ததுபோல இடைவெளி விட்டு உட்காரும். விடிவதற்குள் கம்பி காலியாகிவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த லார்டு மெட்வே, மேற்கு மலேசியாவுக்கு வலசை வரும் தகைவிலான்களுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்து, 1973-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1960களில் எலியட் மெக்லூர் தலைமையில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த வளையமிடும் திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள், அவற்றில் தகைவிலான்களும் ஏராளம். கம்பிக்குக் கீழே கார் நிறுத்தியவர்கள் திட்டுவது எனக்கும் புரிகிறது. காலையில் வண்டி வெள்ளையடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் ஒரு பட்டணத்தின் நடுத்தெருவில், இலவசமாக, தினமும் நடக்கும் இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் கட்டுரையில் 'பறவைகள் கூட்டை நோக்கிப் பறந்தன' என்று மட்டும் எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. இவை போவது கூட்டுக்கு இல்லை. இங்கே கூடே இல்லை. அடையும் இடத்துக்குப் போகின்றன. கூடு வேறு, அடைதல் வேறு. தமிழில் 'அடைதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

எழுதும்போது

மாணவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் பத்தி எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்ய வேண்டாம், சொற்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்:

'மணி ஏழைத் தாண்டியது. கடைவரிசைக்கு மேலே வானம் முழுவதும் தகைவிலான்கள். வலசை வந்த இச்சிறு பறவைகள் கூட்டமாகச் சுழன்று, மெல்ல மெல்லத் தாழ்ந்து, மின்கம்பிகளில் ஒவ்வொன்றாக அடைந்தன. அருகில் நின்று பார்த்தேன். செந்நிறத் தொண்டை, மார்பில் ஒரு கரும்பட்டை, அதற்குக் கீழே தும்பை நிற வயிறு. பேருந்தின் இரைச்சலைப் பற்றி அவை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.'

வண்ணம் மூன்றே இடத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மூன்றும் வேறு பறவையாக இருக்க முடியாது என்று காட்டும் மூன்று. 'அழகிய வண்ணப் பறவைகள்' என்று எழுதினால் அது மயிலாகவும் இருக்கலாம், கிளியாகவும் இருக்கலாம். திருத்தும் ஆசிரியர்கள் 'அழகிய' என்ற சொல்லை அடித்துவிட்டு, "என்ன நிறம், எந்த இடத்தில்?" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

வகுப்பு நடவடிக்கையாகச் செய்ய விரும்பினால், மாணவர்களிடம் ஒரு குறிப்பேடு கொடுத்து, வாரத்தில் ஒரு நாள், ஒரே கம்பி, ஒரே நேரம், பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை, வயிறு வெள்ளையா சாம்பலா, மார்பில் பட்டை உண்டா, வால் நீளமா குட்டையா என நான்கே நான்கு குறிப்பு. ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடட்டும். வால் பத்தி மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பது அவர்கள் குறிப்பிலேயே தெரியும். ஜூன் மாதத்தில் கம்பியில் ஒரு தகைவிலான் உட்கார்ந்திருந்தால், "சார், வலசை போகாம இருக்கு!" என்று ஓடிவருவார்கள். வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும்.